வெறும் பெட்டியைக் காட்டுங்கள்

சென்ற தவணை முடிவில், கிளிநொச்சியிலுள்ள ஒரு பாடசாலையின் தமிழ் மன்றத்தார் விவாத அரங்கொன்றை ஒழுங்கு செய்திருந்தனர். "இலத்திரனியல் வாக்களிப்பு இலங்கைக்கு ஏற்றதே" என்பது விவாதப் பொருள். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதாலும், பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையங்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் என்பதாலும் என்னை நடுவனாக அழைத்தனர். இரண்டு மணி நேரம் இன்பமாகக் கழியும் என்று எண்ணிச் சென்றேன். ஆனால், தீர்ப்புக் கூற வாய் எழாமல் திரும்பினேன்.

ஏற்றதே என்று வாதிட்ட அணியினர் நன்றாகவே ஆயத்தம் செய்து வந்திருந்தனர். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து சனாதிபதித் தேர்தலில் வாக்குச்சீட்டு ஏறத்தாழ 27 அங்குல நீளம் என்றனர். அதே ஆண்டு நவம்பர் மாதத்துப் பாராளுமன்றத் தேர்தலில் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் செல்லுபடியற்றவை எனத் தள்ளப்பட்டன என்றனர். புள்ளடி கோடு தாண்டியதற்காக ஓர் ஏழையின் கருத்து குப்பைக்குப் போகலாமோ என்று கேட்டபோது சபையில் கைதட்டல் எழுந்தது. அதே ஆண்டு இந்தியாவில் 64 கோடி மக்கள் பொத்தானை அழுத்தி வாக்களித்தனர், ஒரே பகலில் அவற்றை எண்ணி முடித்தனர் என்று சொல்லி அமர்ந்தனர்.

ஏற்றதன்று என்ற அணியினர் கணினித் திருடர்களைப் பற்றியும், மின்சாரம் தடைப்படுவதைப் பற்றியும் பேசினர். அவற்றுக்கெல்லாம் எதிரணியினரிடம் விடை இருந்தது. இறுதியாக எழுந்த மாணவி ஒருத்தி மட்டும், எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு என்னையே நோக்கிக் கேட்டாள்:

"சேர், எங்கடை அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனா தான் போட்ட புள்ளடியை அவ தன்ரை கண்ணாலை காண்கிறா. பொத்தானை அமத்தினால், அது ஆருக்குப் போனது எண்டு அவவுக்கு ஆர் காட்டுறது?"

நடுவன் தீர்ப்பை ஒத்திவைக்கலாகாது என்பது அரங்கின் மரபு. அன்று நான் அம்மரபை மீறினேன். "பிள்ளை, உன் கேள்விக்கு எனக்கு இப்போது விடை தெரியாது. படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அன்று தராத தீர்ப்பையே இங்கு எழுதுகிறேன்.

பறவூரின் 123 வாக்குகள்

இத்துறையில் நமக்கு மிக அண்மையிலுள்ள பாடம் கேரளத்தில் இருக்கிறது. 1982ஆம் ஆண்டு மே மாதத்துச் சட்டசபைத் தேர்தலில், பறவூர்த் தொகுதியில் 84 வாக்குச் சாவடிகள் இருந்தன. அவற்றுள் 50 சாவடிகளில் இந்தியத் தேர்தல் ஆணையம் வாக்குப் பொறியை முதன்முறையாக வைத்தது. எஞ்சியவற்றிற் பழைய வாக்குச்சீட்டே இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 30,450 வாக்குகளும், காங்கிரசின் ஏ.சி. ஜோஸ் 30,327 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 123.

இவ்விடத்தில் விதி ஒரு விளையாட்டுக் காட்டியது. தேர்தலுக்கு முன்பே பொறியை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் சிவன் பிள்ளை. அம்மனு தள்ளப்பட்டது. அதே பொறியின் துணையோடு அவர் வென்றார். அதன்பின் வழக்குத் தொடுத்தவர் தோற்ற ஜோஸ். ஆகவே, பொறியை எதிர்ப்பவர் தோல்வியுற்றவரே என்று சொல்லிக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதைப் பறவூரே காட்டிவிட்டது.

வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்தலை மேற்பார்வை செய்யவும் நெறிப்படுத்தவும் அரசியலமைப்பின் 324ஆம் உறுப்புரை தனக்கு முழு அதிகாரம் தந்திருக்கிறது என்று ஆணையம் வாதிட்டது. 1984ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்த தீர்ப்பு இவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டம் வாய்மூடி நிற்குமிடத்தில் ஆணையம் வழி வகுக்கலாம். சட்டமும் விதிகளும் வாக்களிக்கும் முறையை வகுத்திருக்குமிடத்தில், அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதுமுறையொன்றைக் கொண்டுவர ஆணையத்துக்கு அதிகாரமில்லை. அன்றைய விதிகள் அறிந்தது வாக்குச்சீட்டை மட்டுமே. ஆகவே, 50 சாவடிகளிலும் சீட்டுக் கொண்டு மறுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதில் ஜோஸ் வென்றார்.

நீதிமன்றம் பொறி பிழையானது என்று கூறவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். பொறி ஒழுங்காக எண்ணியதா என்பது அங்கு கேள்வியே அன்று. வாக்களிக்கும் முறையை யார் தீர்மானிப்பது என்பதே கேள்வி. தேர்தலை நடத்துபவர் நடத்துபவரே. ஆட்டத்தின் விதியை எழுதுவது மக்களின் பிரதிநிதிகள் கூடிய மன்றத்தின் வேலை.

அதற்குப் பின்னர் இந்தியா முறைப்படியே நடந்தது. 1988ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்திப் பொறிக்கு இடமளித்தனர். 1998இல் 16 தொகுதிகளிற் பரீட்சித்தனர். 2001இல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுவதும், 2004இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் பொறியில் நடந்தன. பறவூரிலிருந்து அங்கு வந்து சேர 22 ஆண்டுகள் சென்றன. இப்பொறியின் பிறப்பில் நம் மொழிக்கும் ஒரு பங்குண்டு. தமிழ் வாசகர் சுஜாதா என்ற பெயரில் அறிந்த எழுத்தாளர், தொழிலால் ரங்கராஜன் என்னும் பொறியியலாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரொனிக்ஸ் நிறுவனத்தில் இப்பொறியை உருவாக்கும் பணியை மேற்பார்வை செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

நமது சட்டத்தின் வாசல்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடையே வாக்களிக்கும் முறை என்றும் ஒன்றாக இருந்ததில்லை. 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தபோது, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. வாக்காளர் தமக்கு வேண்டியவரின் நிறம் பூசிய பெட்டியிற் சீட்டை இட்டனர். எழுத்தறியாதோருக்கு அது எளிதாயிருந்தது. பிற்பாடு ஒரே பெட்டியும், சின்னமும், புள்ளடியும் வந்தன. ஆகவே, புள்ளடி முன்னோர் வழிவந்த வேதமன்று. அதை மாற்றலாம். எவ்வாறு மாற்றுவது என்பதே வினா.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இங்கு மூன்று தூண்களை நாட்டியிருக்கிறது. 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுடையது, அது பிறர் கைக்கு மாற்ற முடியாதது, வாக்குரிமையும் அதனுள் அடங்கும் என்கிறது. 4ஆம் உறுப்புரை, 18 வயது நிரம்பி இடாப்பிற் பெயர் பதியப்பட்ட தகுதியுள்ள ஒவ்வொரு பிரசையும் அவ்வுரிமையைப் பயன்படுத்தலாம் என்கிறது. 93ஆம் உறுப்புரை, வாக்களிப்பு சுதந்திரமாகவும், சமமாகவும், இரகசியமாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. இவற்றுக்கு மேலாக, மாகாண சபைத் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில், 1999இல் உயர் நீதிமன்றம் ஓர் அரிய கருத்தை வெளியிட்டது. வாக்களித்தலும் ஒருவகைப் பேச்சே, மேடைப் பேச்சுக்குரிய பாதுகாப்பு மௌனமாக இடும் வாக்குக்கும் உண்டு என்பதே அது.

இத்தூண்களின் மீது நிற்கும் கட்டடம், 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும், அதே ஆண்டின் சனாதிபதித் தேர்தல்கள் சட்டமும், 1988ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல்கள் சட்டமும், உள்ளூராட்சித் தேர்தல்கள் கட்டளைச் சட்டமுமாகும். சீட்டு, அடையாளமிடல், பெட்டி, முத்திரை, எண்ணுதல் என்ற ஒவ்வொன்றையும் இவை வகுத்துரைக்கின்றன. பறவூர்த் தீர்ப்பின் நியாயத்தை இங்கு பொருத்தினால், தேர்தல்கள் ஆணைக்குழு தன் விருப்பின்படி ஒரு கிராமத்திலேனும் பொறியை வைத்து உண்மையான வாக்கைப் பெற இடமில்லை. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும்.

இந்தியப் பொறியை அப்படியே இறக்குமதி செய்தாற் போதும் என்பவர்கள் வேறொன்றையும் மறந்துவிடுகின்றனர். அப்பொறி ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் அமைந்தது. ஒரு பொத்தானை அழுத்தியதும் அலுவல் முடிந்துவிடும். நமது சனாதிபதித் தேர்தலில் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பங்களைக் குறிக்கும் உரிமை உண்டு. 2024இலே இரண்டாம் விருப்பங்களையும் எண்ண நேர்ந்ததை நாம் கண்டோம். பாராளுமன்றத் தேர்தலிற் கட்சிக்கு ஒரு புள்ளடி. அதன்பின் மூன்று வேட்பாளர் வரை விருப்பு வாக்கு. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 6 ஆசனங்கள் என்றால் ஒவ்வொரு பட்டியலிலும் 9 பேர். இருபது பட்டியல்கள் என்று வைத்துக்கொண்டாலும் 180 பேர். இத்தனை பேருள் மூவரைத் தேடி அழுத்தும் பொறி, செல்லுபடியற்ற வாக்கை ஒழிக்குமா, அல்லது மூதாட்டியொருத்தியை நடுச்சாவடியிலே திகைக்க வைக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

இன்னொன்றையும் ஆசிரியர்களும் மாணவர்களும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறிய பின்னரும், அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றில் அதனை எதிர்க்கலாம். நம் நாட்டில் அவ்வாறில்லை. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின், குறித்த சில நாட்களுக்குள்ளேயே பிரசை உயர் நீதிமன்றத்தை நாடலாம். அது நிறைவேறிச் சபாநாயகரின் சான்றைப் பெற்றுவிட்டால், 80ஆம் உறுப்புரையின்படி அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. வாசல் ஒருமுறைதான் திறக்கும். சில நாட்களே திறந்திருக்கும். அந்நாட்களில் நாம் உறங்கினால் அதன்பின் விழித்துப் பயனில்லை.

குடமும் ஓலையும்

சட்டம் இயற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஜெர்மனியில் அவ்வாறு எண்ணித்தான் சட்டமும் விதியும் இயற்றி, 2005ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பொறிகளைப் பயன்படுத்தினர். 2009ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், அப்பொறிகளின் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. தேர்தல் முடிவும் தள்ளப்படவில்லை. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு நெறியை. தேர்தலின் முக்கியமான ஒவ்வொரு படியையும், தொழில்நுட்ப அறிவு எதுவுமற்ற சாதாரணப் பிரசை தானே பார்த்துச் சரிபிழை அறியக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அந்நெறி. நிபுணர் பார்த்தார், நற்சான்று தந்தார் என்பது அதற்கு ஈடாகாது.

இத்தீர்ப்பைப் படித்தபோது, எங்கோ முன்பு கேட்ட குரல்போல இருந்தது. அது உத்தரமேரூரின் குரல். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுக்கள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையைக் கூறுகின்றன. அது இன்றைய பொருளில் வாக்களிப்பன்று. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தல். தகுதியும் நிலமும் கல்வியும் உடையோர்க்கே உரியது. எனினும், அதன் நடைமுறையைப் பாருங்கள். சபை முழுவதும் கூடியிருக்கக் குடத்தை யாவரும் காண உயர்த்திக் காட்டுவர். உள்ளேயிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்கவேண்டும். வாங்கியவர் வாசிப்பார்; கூடியிருந்த ஏனையோரும் வாசிப்பர். விரலை விரிக்கச் சொன்னதன் காரணம் வெளிப்படை. மறைத்து வைத்த ஓலையை மாற்ற இடமிருக்கலாகாது.

இதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், அகநானூற்றின் 77ஆம் பாட்டிலே குடவோலை ஓர் உவமையாக வருகிறது. கயிற்றாற் கட்டிய குடத்தின் மேலுள்ள பொறியைப் பார்த்து, அது பழுதின்றி இருப்பதைக் கண்டபின் உடைத்து, அலுவலர் ஓலையை வெளியே எடுப்பர். போர்க்களத்தில் வீழ்ந்தவரின் குடலைப் பருந்து இழுக்கும் காட்சிக்கு மருதன் இளநாகனார் அதனை ஒப்பிடுகிறார். வன்னியில் இருந்து இப்பாட்டைப் படிப்பவனுக்கு நெஞ்சு ஒருகணம் நின்றுதான் துடிக்கும். அது கிடக்க, அன்று பொறி என்றால் இலச்சினை. யாவரும் கண்டு, பழுதில்லை என்று அறிவதற்காக இட்டது. இன்று பொறி என்றால் இயந்திரம். அதனுள்ளே நடப்பதை யாரும் காண முடியாது. ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமந்து நிற்கிறது. நம் வினா முழுவதும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

மக்களாட்சி இரண்டு முரண்பட்ட பொருள்களை ஒருங்கே கேட்கிறது. ஒருவர் இட்ட வாக்கு இரகசியமாக இருக்கவேண்டும். எல்லோரும் இட்ட வாக்கை எண்ணுவது பகிரங்கமாக இருக்கவேண்டும். மடித்த சீட்டும், திறந்த மேசையும் இவ்விரண்டையும் ஒருசேரத் தருகின்றன. தனிப் பொறியோ இரகசியத்தை இரண்டிடத்திலும் பரப்பிவிடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றமும் இதை உணர்ந்தே, 2013ஆம் ஆண்டு, வாக்காளர் கண்டறியக்கூடிய தாட்சான்று நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்றது. இப்போது அங்கு பொத்தானை அழுத்தியதும், கண்ணாடிக்குப் பின்னே சின்னம் பொறித்த துண்டுச் சீட்டு ஏழு விநாடி தோன்றிப் பெட்டிக்குள் விழுகிறது. பொறியின் கணக்கும் துண்டுச் சீட்டின் கணக்கும் மாறுபட்டால், சீட்டின் கணக்கே செல்லும் என்பது விதி. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் தீர்ப்பில், பழைய வாக்குச்சீட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற கோரிக்கையையும், துண்டுச் சீட்டு முழுவதையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும் தாள் போய்விடவில்லை. பொறியைப் போற்றும் நாடும் இறுதியிலே தாளைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது.

தாள் மட்டும் தூயது என்றும் நான் சொல்லவரவில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலிற் பெட்டிகள் காணாமற் போனதை நாம் மறக்கவில்லை. 1999ஆம் ஆண்டு வடமேல் மாகாண சபைத் தேர்தலிற் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் திணிக்கப்பட்ட இழிவு நாடறிந்தது. இந்தியப் பொறி நிமிடத்துக்கு நான்கு வாக்குக்கு மேல் ஏற்காது. சாவடியைக் கைப்பற்றியவனும் காத்துத்தான் நிற்கவேண்டும். அது பொறியின் பெருமையே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெட்டி காணாமற் போனால் ஊருக்குத் தெரிகிறது. திணித்த சீட்டு கண்ணிற் படுகிறது. பொறிக்குள் நேரும் பிழை தான் நேர்ந்ததைத் தானே சொல்லாது.

வன்னியின் வழக்கு

இவ்வளவும் எங்கும் பொருந்தும். வன்னிக்கென்று தனியே ஏதும் உண்டா? உண்டு.

2001ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே வாழ்ந்த வன்னி மக்களுக்கென எல்லைக்கு இப்பால் வாக்களிப்பு நிலையங்கள் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. அன்று இராணுவம் கடவைகளை மூடியது. பல்லாயிரம் வாக்காளர் தம் நிலையங்களை அடைய முடியவில்லை. மட்டக்களப்பிலும் அதுவே நடந்தது. பாதிக்கப்பட்டோர் உயர் நீதிமன்றம் சென்றனர். சட்டத்தின் முன் சமத்துவமும், வாக்கின் வழியே கருத்தை வெளியிடும் உரிமையும் மீறப்பட்டன என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்பு வந்தது; கடந்த தேர்தல் திரும்பி வரவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 2005ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், தடை மறுபக்கத்திலிருந்து வந்தது. விடுதலைப் புலிகளின் கீழிருந்த பகுதிகளில், சனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்கும்படியான அழுத்தத்தை மீறி வெளியே வருவோர் இல்லை. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு 1.21 பேர், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ 34 பேர். நாடு முழுவதிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வேறுபாடு 2 இலட்சத்துக்கும் குறைவு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதே புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 2019ஆம் ஆண்டிலும் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற அவர்களின் பஸ் வண்டிகள், தந்திரிமலைப் பகுதியிற் சுடப்பட்டன.

இவற்றுள் ஒன்றிலேனும் வாக்கு புள்ளடியிலே தொலையவில்லை. பாதையிலும் அச்சத்திலும் தொலைந்தது. சில வேளைகளில் நாட்காட்டியிலே தொலைந்தது. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. 2023ஆம் ஆண்டு நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நடக்காமற் போனது அடிப்படை உரிமை மீறல் என்று 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில். நடவாத தேர்தலை எந்தப் பொறியால் விரைவாக எண்ணுவது?

அச்சத்தைப் பற்றி இன்னொரு சொல். தனி மனிதரின் இரகசியம் போலவே ஊரின் இரகசியமும் ஒன்றுண்டு. நம் பாராளுமன்றத் தேர்தலிற் பல நிலையங்களின் சீட்டுகள் ஓர் எண்ணும் நிலையத்தில் ஒன்றாய்ச் சேர்கின்றன. முடிவு தொகுதி வாரியாக வெளிவருகிறது. இந்தியாவிலும் சீட்டு இருந்த காலத்தில், மிரட்டலைத் தடுக்கும் பொருட்டு, பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியிருந்தது. பொறி வந்தபின் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியே தெரியலாயிற்று. அவற்றைச் சேர்த்துக் கூட்டும் கருவியொன்றை 2008இல் அங்குள்ள ஆணையமே முன்மொழிந்தது, 2015இற் சட்ட ஆணைக்குழுவும் ஆதரித்தது, அது ஏற்கப்படவில்லை. முந்நூறு வீடுகள் உள்ள ஒரு குடியேற்றக் கிராமம் யாருக்கு வாக்களித்தது என்று மறுநாட் காலையில் ஊருக்கெல்லாம் தெரிந்தால், அக்கிராமத்துக்கு வரவேண்டிய குளத்துத் திருத்தமும், தெருவும், வீட்டுத் திட்டமும் என்னவாகும்? பலரின் பார்வையின் கீழ் வாழ்ந்து பழகிய எம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தீர்ப்பு

அம்மாணவியின் கேள்வி என்னை ஏன் வாயடைக்கச் செய்தது என்பதை இனிச் சொல்லலாம்.

2013ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தலன்று, முல்லைத்தீவு மாவட்டத்து ஒரு கிராமத்தில் நிலையப் பொறுப்பாக இருந்தேன். காலை ஏழு மணிக்கு முன்பே ஒரு மூதாட்டி வரிசையின் தலைப்பில் நின்றார். பெட்டியை முத்திரையிடுமுன் அது வெறுமையாக இருப்பதை முகவர்களுக்குக் காட்டினேன். வாசலில் நின்றபடியே, "தம்பி, எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். முகவர்கள் சிரித்தனர். நான் பெட்டியை அவர் பக்கமாகச் சரித்துக் காட்டினேன். குனிந்து, உள்ளே நெடுநேரம் பார்த்தார். "வெறும் பெட்டிதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பின்பு வாக்கை இட்டு, மடித்த சீட்டு துளையினுள்ளே போய் மறையும்வரை பார்த்துவிட்டு, இடாப்பு வைத்திருந்த மேசையருகே வந்து, தம் மகனின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "அவன் கடைசிச் சண்டைக்குப் பிறகு வரேல்லை. பேர் கிடக்கட்டும், தம்பி. வெட்டிப்போடாதேங்கோ" என்றார்.

பெயரை வைப்பதும் நீக்குவதும் என் அதிகாரத்தில் இல்லை. ஆளில்லாத பெயர் ஆள்மாறாட்டத்துக்கு வழி என்பதையும் அறிவேன். மாலை நான்கு மணிக்கு நிலையம் மூடப்பட்டபோது அப்பெயருக்கு நேரே கோடு விழவில்லை. அன்று என் கடமைகளுள் நான் நிறைவோடு செய்தது, அந்தக் கோடு விழாமற் காத்ததே என்று இன்றும் எண்ணுவதுண்டு.

அந்தத் தாய்க்குச் சட்டம் தெரியாது. ஆயின், ஜெர்மன் நீதிமன்றம் பல பக்கங்களில் எழுதியதை அவர் மூன்று சொற்களிற் கேட்டுவிட்டார். பொறியின் முன்னே அவர் அதையே கேட்டால், எதைச் சரித்துக் காட்டுவது?

ஆகவே என் தீர்ப்பு இதுவாகும். இலத்திரனியல் வாக்களிப்பு இலங்கைக்கு என்றைக்கும் ஏற்றதன்று என்று நான் கூறேன். நான்கு காரியங்கள் நிறைவேறும்வரை அது ஏற்றதன்று என்பேன். முதலாவது, வாக்காளர் தேர்தல் நாளிலே தம் நிலையத்தை அச்சமின்றி அடைவதும், இடாப்பிற் பெயர் ஒழுங்காக இருப்பதும், தேர்தல் உரிய காலத்தில் நடப்பதும் உறுதியாகவேண்டும். இரண்டாவது, பொறி ஆணையாலன்றிச் சட்டத்தால் வரவேண்டும். அச்சட்டமூலம் மூன்று மொழியிலும் நீண்ட நாள் மக்கள் கையிலே தவழவேண்டும். மூன்றாவது, எழுத்தறியாத ஒருவரும் தம் வாக்கைத் தாளிற் காணவேண்டும். பொறியும் தாளும் முரண்பட்டாற் தாளே வெல்லும் என்று சட்டத்தில் எழுதப்படவேண்டும். நான்காவது, ஒரு கிராமத்தின் வாக்கு தனியே வெளிப்படாதபடி பலவற்றைக் கலந்தே எண்ணவேண்டும்.

விவாதத்தில் வென்றது எந்த அணி என்று மன்றச் செயலாளர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். ஏற்றதே என்ற அணியினர் தம் வாதத்தைச் செம்மையாக நிறுவினர். புள்ளிகள் அவர்களுக்கே என்று எழுதியிருக்கிறேன். அந்த மாணவிக்கு வேறொரு கடிதம் எழுதினேன். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியொன்றை அதனுடன் சேர்த்து, 80ஆம், 93ஆம் உறுப்புரைகள் உள்ள பக்கங்களில் அடையாளம் வைத்து அனுப்பியிருக்கிறேன். சட்டமூலம் வரும் நாளில் அவளுடைய அம்மம்மாவுக்காகக் கேட்க ஒருவர் வேண்டும்.